ஓசி காலண்டர் முதல் வெல்கம் கிட் வரை: நிறுவனங்கள் கொடுக்கும் பரிசு எப்போது வேலை செய்யும்?

புது வேலையில் சேரும் முதல் நாள். மேசையில் ஒரு அட்டைப்பெட்டி காத்திருக்கிறது. உள்ளே டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில், டைரி, பேனா, லேப்டாப்பில் ஒட்ட நாலு ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் கம்பெனி லோகோ. போட்டோ எடுத்து லிங்க்டுஇன்னில் போட்டாச்சு. லைக்கும் குவிந்தாச்சு.

ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். டி-ஷர்ட் ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ள. பேனாவில் மை வரவில்லை. டைரியில் முதல் மூன்று பக்கம் மட்டும் எழுதியிருக்கிறது. பாட்டில், போன கம்பெனி கொடுத்த இரண்டு பாட்டில்களோடு சேர்ந்து கிச்சன் அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது.

அதே வீட்டின் ஹால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஜனவரியில் சுருட்டிக் கையில் கொடுத்தது. அம்மா தினமும் காலையில் ஒரு தாளைக் கிழிக்கிறார். ராகு காலம் பார்க்கிறார். பால்காரர் வராத நாளைப் பேனாவால் சுழித்து வைக்கிறார். அதன் கீழே கடையின் பெயரும் போன் நம்பரும். வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டால் போன் போவது அந்த நம்பருக்குத்தான்.

பெட்டிக்கு ஆன செலவில் அந்தக் காலண்டரைப் போலப் பல வாங்கியிருக்கலாம். ஆனால், கொடுத்தவரின் பெயரைத் தினமும் கண்ணில் காட்டுவது காலண்டர்தான். ஏன் இப்படி?

விளம்பரப் பரிசு என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தன் பெயரையோ லோகோவையோ பொறித்து, காசு வாங்காமல் கொடுக்கும் பொருள்தான் விளம்பரப் பரிசு. பேனா, சாவிக்கொத்து, துணிப்பை, காலண்டர், பர்ஸ், குடை எல்லாமே இந்த வகை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது இதில் சேராது, அது தள்ளுபடி. ஷாம்பு சாஷேவை இலவசமாகக் கொடுப்பதும் வேறு, அது சாம்பிள். தள்ளுபடி அன்றைய விற்பனையை ஏற்றுவதற்கு. சாம்பிள், பொருளைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வதற்கு. விளம்பரப் பரிசின் வேலை, 'இவங்க நல்லவங்க, நம்மள நினைவில வச்சிருக்காங்க' என்ற எண்ணத்தை வாங்குபவர் மனதில் உட்காரவைப்பது.

இதைப் பெறுபவர்கள் மூன்று தரப்பினர்: வாடிக்கையாளர்கள், ஊழியர்கள், டீலர்கள் போன்ற வியாபாரக் கூட்டாளிகள். ஒவ்வொரு தரப்புக்கும் எதிர்பார்ப்பு வேறு, சட்டமும் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

எப்போது ஆரம்பித்தது?

1880களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கொஷாக்டன் என்ற சிறிய ஊரில் ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். பெயர் ஜாஸ்பர் மீக். பத்திரிகை அச்சடிக்காத நேரத்தில் அவருடைய அச்சு இயந்திரம் சும்மா கிடந்தது. பள்ளிக்குழந்தைகள் புத்தகங்களைத் தெருவில் நழுவவிட்டுக்கொண்டு போவதையும் அவர் பார்த்தார். உள்ளூர்ச் செருப்புக் கடைக்காரரிடம் போய், 'உங்க கடை பேரைத் துணிப்பையில அச்சடிச்சுத் தர்றேன், கடைக்கு வர்ற குழந்தைகளுக்குச் சும்மா கொடுங்க' என்றார். குழந்தைகள் போன இடமெல்லாம் கடையின் பெயரும் போனது. விளம்பரப் பரிசுத் துறை தன் பிறப்புக் கதையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

அடுத்த கதை பிரான்ஸில். 1900-ல் அந்த நாட்டில் ஓடிய கார்கள் சில ஆயிரம்தான். மிஷெலின் சகோதரர்கள் டயர் விற்றுக்கொண்டிருந்தார்கள். கார் ஓடினால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே புதிது விற்கும்? பெட்ரோல் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எங்கே இருக்கிறார், எந்த ஊரில் தங்கலாம், டயரை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் ஒரு சிறு கையேட்டில் தொகுத்து, ஏறக்குறைய 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கைடு அதுதான்.

இந்தக் கதைக்கு ஒரு ட்விஸ்ட் உண்டு. சகோதரர்களில் ஒருவரான ஆந்த்ரே மிஷெலின் ஒருநாள் ஒரு டயர் கடைக்குப் போனார். ஆடும் மேசைக்கு அடியில் முட்டுக்கொடுக்கத் தன் கையேட்டை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தார். சும்மா கிடைத்தால் மதிப்பு இருக்காது என்று புரிந்தது. 1920 முதல் கையேட்டுக்கு விலை வைத்துவிட்டார்கள். நிறுவனமே சொல்லிவரும் கதை இது.

கின்னஸ் சாதனைப் புத்தகமும் இப்படி வந்ததுதான். 1951-ல் கின்னஸ் பீர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவர் அயர்லாந்தில் வேட்டைக்குப் போனார். ஐரோப்பாவில் மிக வேகமாகப் பறக்கும் வேட்டைப்பறவை எது என்று ஒரு விவாதம் கிளம்பியது. எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. பீர் குடிக்கும் இடங்களில் இப்படி எத்தனை வாக்குவாதம் தினமும் நடக்கும்! அதைத் தீர்த்துவைக்க ஒரு புத்தகம் தயாரித்து, 1954-ல் 1,000 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பிரிட்டனின் பெஸ்ட்செல்லர்.

பை, கையேடு, சாதனைப் புத்தகம் என மூன்றுமே வாங்குபவருக்கு அந்த இடத்தில் இருந்த ஒரு தொல்லையைத் தீர்த்தன. பெயர் அதன் முதுகில் ஏறிக்கொண்டு போனது.

வாங்கியதும் ஏன் கடன்பட்டதுபோல் இருக்கிறது?

தமிழ்நாட்டில் இதைப் புரியவைக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. கல்யாண மண்டப வாசலில் நோட்டுப் போட்டு எழுதும் மொய் போதும். 501 வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு 501 வைக்காமல் இருக்க முடியுமா? கொடுப்பதும் வாங்குவதும் திருப்பிச் செய்வதும் ஒரே சங்கிலி. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: சும்மா கொடுப்பதுபோல் தெரிந்தாலும், எந்தப் பரிசும் பதிலை எதிர்பார்க்கும்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உணவக ஊழியர்கள் பில்லோடு சிறிய சாக்லேட்டைக் கொடுத்தார்கள். டிப்ஸ் கூடியது. இரண்டு கொடுத்தபோது இன்னும் கூடியது. ஒன்று கொடுத்துவிட்டு நகரப்போன ஊழியர், திரும்பிவந்து 'இன்னொண்ணு எடுத்துக்கோங்க' என்று சொன்னபோதுதான் டிப்ஸ் அதிகபட்சம். சாக்லேட்டின் எண்ணிக்கை அதே இரண்டுதான். 'எனக்காகத் தனியா கொடுத்தாங்க' என்ற நினைப்பு செய்த வேலை அது.

கம்பெனிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. எல்லோருக்கும் ஒரே பெட்டியை கூரியரில் அனுப்புவதும், மளிகைக் கடைக்காரர் 'அக்கா, உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்' என்று காலண்டரை நீட்டுவதும் ஒன்றல்ல. மொய் நோட்டு இல்லாமலே கணக்கு எழுதப்படுவது இரண்டாவது இடத்தில்தான்.

சிவகாசிக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம்

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். திரும்பிவந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சுத் தொழில்தான் பிறகு நாட்டின் காலண்டர் தலைநகராகச் சிவகாசியை மாற்றியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் இந்த அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போனார்கள். படத்துக்குக் கீழே ஜவுளிக்கடை, நகைக்கடை, எண்ணெய்க் கம்பெனி என ஏதாவது ஒரு பெயர். சாமி படமாச்சே என்று வருஷம் முடிந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டார்கள். சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியவர்களும் உண்டு.

இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பத்தைச் சிவகாசி அச்சகங்கள் வெளியிடுகின்றன. கடைக்காரர்கள் அதில் டிசைன் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார்கள். ஆடியில் தொடங்கும் வேலை மார்கழி வரை ஓடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு தினசரி காலண்டர் கடைக்காரருக்கு 50 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 365 நாள் சுவரில் தொங்கினால் ஒரு நாளைக்கு 14 பைசாகூட ஆகவில்லை. வீட்டில் நாலு பேர் பார்த்தால் தலைக்கு 4 பைசாவுக்கும் குறைவு. அதுவும் ஸ்கிப் பட்டன் இல்லாத விளம்பரம்.

ஆனால் இந்தக் கணக்கு ஓடுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: காலண்டர் சுவரில் ஏற வேண்டும். முகூர்த்த நாள், சந்திராஷ்டமம், கௌரி நல்ல நேரம், அரசு விடுமுறை எல்லாம் ஒரே தாளில் இருப்பதால்தான் அது ஆணியில் ஏறுகிறது. வெறும் லோகோவை மட்டும் பெரிதாக அச்சடித்து 'சுவரில் மாட்டுங்க' என்றால் யார் மாட்டுவார்கள்?

லோகோ பெரிதானால் என்ன ஆகும்?

'நம்ம காசுல செய்றோம், நம்ம பேரு பெருசாத் தெரியட்டுமே' என்பது மார்க்கெட்டிங் மீட்டிங்குகளில் வழக்கமாக எழும் குரல். சட்டையின் முதுகு முழுக்க லோகோ வந்துவிடும். கூடவே வெப்சைட் முகவரி, டேக்லைன், க்யூ.ஆர். கோடு. கடைசியில் அந்தச் சட்டை வெளியே போகாது, வீட்டைத் துடைக்கப் போகும். நெஞ்சில் ஒரு ஓரத்தில் சின்னதாக எம்பிராய்டரி செய்த சட்டையோ ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரைக்கும் போய்வரும்.

ஒரு பொருளைக் கையில் வாங்கும்போது, 'இது எனக்கா, இல்ல அவங்களுக்கா?' என்று வாங்குபவர் மனசு ஒரு நொடியில் எடைபோட்டுவிடும். 'அவங்களுக்கு' என்று தோன்றிவிட்டால் அது பரிசு அல்ல; சம்பளம் இல்லாமல் விளம்பரப் பலகை சுமக்கும் வேலை.

இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2019-ல் சண்டிகரில் ஒருவர் செருப்புக் கடையில் வாங்கிய பொருளுக்கான பில்லில் பேப்பர் பைக்கு 3 ரூபாய் தனியாகச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பையில் கடையின் பெயர் அச்சிட்டிருந்தது. 'உங்க விளம்பரத்தை நான் சுமக்க, நானே காசு கொடுக்கணுமா?' என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மன்றம் அவர் பக்கம் நின்றது. 3 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பதோடு, இழப்பீடு, வழக்குச் செலவு, சட்ட உதவி நிதி எனச் சேர்த்து 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. அடுத்த ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையமும், முன்கூட்டியே சொல்லாமல் பில் போடும் இடத்தில் பைக்குக் காசு கேட்பது நியாயமற்ற வணிகமுறை என்று வேறொரு வழக்கில் சொன்னது.

3 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், நாடு முழுக்கச் செய்தியானது அந்த நிறுவனம். இமேஜ் என்று மீட்டிங்கில் பேசுவது இதைத்தான்.

மஞ்சப்பை சொல்லும் பாடம்

ஒருகாலத்தில் ஜவுளிக்கடைக்குப் போனால் மஞ்சப்பை நிச்சயம். கடையின் பெயரும் ஊரும் சிவப்பு எழுத்தில் இருக்கும். ரேஷன் கடைக்கும் ரயில் பயணத்துக்கும் கூடவே வரும். பாலிதீன் பை வந்தபோது மஞ்சப்பை 'பட்டிக்காட்டு' அடையாளமானது. பிறகு காலம் திரும்பியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். இப்போது கல்யாணத் தாம்பூலப் பையிலிருந்து டெக் மாநாடு வரை எல்லா இடத்திலும் துணிப்பை.

இங்கேயும் ஒரு கவனம் தேவை. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் நிறையச் செலவாகும். ஒரு பருத்திப் பை, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல வேண்டுமானால், அதைக் குறைந்தது 50 முதல் 150 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 அறிக்கை. வருஷத்துக்குப் பத்துத் துணிப்பை வீட்டுக்கு வந்து, பத்தும் கதவுக்குப் பின்னால் தொங்கினால் 'பசுமை நிறுவனம்' என்ற பேச்சு எடுபடாது. கைப்பிடி பிய்ந்துபோகும் மெல்லிய பையாக இருந்தால் கெட்ட பெயரும் சேர்ந்தே வரும்.

எங்கே சொதப்புகிறது?

பிரபலமான சொதப்பல், பிரிட்டனில் ஹூவர் நிறுவனத்துடையது. லோகோ பொறித்த பொருள் அல்ல, சலுகையாக அறிவித்த பரிசு அது. ஆனால் பாடம் ஒன்றுதான். 1992-ல், 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்கு விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் ஐரோப்பா, பிறகு அமெரிக்கா. டிக்கெட்டின் மதிப்பு பொருளின் விலையைவிடப் பல மடங்கு. வேக்குவம் கிளீனர் தேவையே இல்லாதவர்களும் டிக்கெட்டுக்காக வாங்கினார்கள். நிறுவனத்தால் சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. வழக்குகள் குவிந்தன. நஷ்டம் சுமார் 5 கோடி பவுண்டு. 1995-ல் அதன் ஐரோப்பியப் பிரிவே கைமாறியது.

இன்னொன்று, தைவானில் நடந்த வேடிக்கை. 2017 டிசம்பரில் சைபர் பாதுகாப்பு நிகழ்ச்சி ஒன்றில் வினாடி வினாவில் ஜெயித்தவர்களுக்கு அந்நாட்டுப் போலீஸ் 250 பென் டிரைவ்களைப் பரிசாகக் கொடுத்தது. அவற்றில் 54-ல் வைரஸ். பரிசுப் பொருளை எங்கே வாங்குகிறோம், யார் சோதித்தார்கள் என்று பார்க்காவிட்டால் மானம் போவது லோகோவுக்குத்தான்.

மூன்றாவது, நம் ஊரில் வருஷா வருஷம் நடப்பது. ஜனவரி இரண்டாம் வாரம் கடைக்கு வரும் பழைய வாடிக்கையாளர், 'காலண்டர் இருக்கா?' என்று கேட்பார். 'தீர்ந்துபோச்சுண்ணே' என்பார் கடைப் பையன். 'வருஷம் பூரா உங்க கடையிலதான் வாங்குறோம், எங்களுக்கு ஒரு காலண்டர் இல்லையா?' கேள்வி 50 ரூபாய் அட்டையைப் பற்றியது அல்ல, 'என்னை மறந்துட்டீங்களா?' என்பதுதான் அதன் பொருள். பழக்கப்படுத்திய பரிசைத் திடீரென்று நிறுத்தினாலும் இதே கதிதான். கொடுக்காமலே இருந்திருந்தால் வராத வருத்தம், கொடுத்து நிறுத்தினால் வரும்.

பரிசா, லஞ்சமா?

ஒரு டாக்டரின் மேசையில் மருந்துக் கம்பெனியின் பேனா ஸ்டாண்டு. பார்ப்பதற்குச் சாதாரணம். ஆனால், அதே கம்பெனி ஃப்ரிட்ஜும் தங்கக் காசும் கொடுத்தால்? எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டை அது மாற்றாதா? அந்த மருந்தைக் காசு கொடுத்து வாங்குவது நோயாளி அல்லவா?

2022 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்தின் வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. மருத்துவர்கள் இப்படிப் பரிசு வாங்குவதை விதிகள் தடுக்கின்றன. வாங்குவது தப்பு என்றால் கொடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? ஆகவே, அந்தச் செலவை வியாபாரச் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்க முடியாது. இந்த 'இலவச'ங்களின் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி மக்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை வெளியிட்ட சீரான நடத்தை விதிகள் இன்னும் தெளிவாகக் கோடு போட்டன. மருத்துவருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்த உபயோகத்துக்கான பரிசு கூடாது. புத்தகம், காலண்டர், டைரி போன்ற தகவல், கல்வி சார்ந்த பொருள்களைக் கொடுக்கலாம்; ஆனால் ஒரு பொருளின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அமெரிக்க மருந்துத் துறையின் சொந்த நெறிமுறை 2009-லேயே லோகோ பேனாவையும் காபி மக்கையும்கூட நிறுத்திவிட்டது.

அரசு அலுவலகங்களின் கதை வேறு. செலவைக் குறைக்க, 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் காலண்டரும் டைரியும் அச்சிடுவதை நிறுத்தச் சொன்னது. 2021 ஜனவரியில் அரசின் காலண்டர் மொபைல் செயலியாக வந்தது. 2025 செப்டம்பரில், தீபாவளி உள்ளிட்ட பண்டிகைப் பரிசுகளுக்கு அரசுப் பணம் செலவிடக் கூடாது என்றும் சொன்னது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன் காசில், தனக்காக முடிவெடுக்கும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு. அடுத்தவர் காசில், அடுத்தவருக்காக முடிவெடுக்கும் டாக்டர், அதிகாரி, பர்ச்சேஸ் மேனேஜர் போன்றவர்களுக்குக் கொடுக்கும்போது மதிப்பு ஏற ஏற அது லஞ்சத்தின் பக்கம் நகரும். இன்று பல நிறுவனங்கள், வெளியாரிடம் எவ்வளவு மதிப்பு வரை பரிசு வாங்கலாம் என்று ஊழியர்களுக்கு விதி வைத்திருக்கின்றன. புது வேலையில் சேர்ந்தவர்கள் தீபாவளிக்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வரி எப்படி?

தொழில் நடத்துபவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. மூன்று விதிகள் தெரிந்தால் போதும்.

ஒன்று, ஜிஎஸ்டி. சாதாரணமாகத் தொழிலுக்காக வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, விற்பனையில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பரிசாகவோ இலவசச் சாம்பிளாகவோ கொடுத்துவிடும் பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. 18% வரி உள்ள பொருளை ஒரு லட்சத்துக்கு வாங்கிப் பரிசாகக் கொடுத்தால், 18,000 ரூபாய் கையைவிட்டுப் போனதுதான். பட்ஜெட்டில் அதையும் சேர்க்க வேண்டும்.

இரண்டு, ஊழியர்கள். ஒரு நிதியாண்டில் ஓர் ஊழியருக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கும் பரிசை விற்பனைக்குச் சமமாகக் கருதி ஜிஎஸ்டி கேட்பதில்லை.

மூன்று, டீலர்களும் இன்ஃப்ளூயன்சர்களும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, தொழில் செய்பவருக்கு அந்தத் தொழில் தொடர்பாக ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ பயணமாகவோ பலன் கொடுத்தால் 10% வரி பிடித்தம் செய்ய வேண்டும். ரிவ்யூவுக்கு வந்த போனை இன்ஃப்ளூயன்சர் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. தானே வைத்துக்கொண்டால் அது அவருக்குக் கிடைத்த பலன். அதாவது, 'ஓசி'க்கும் வரி உண்டு.

சரி, என்ன கொடுக்கலாம்?

கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் பொருளாக 1,000 பேருக்குக் கொடுக்கலாம். 500 ரூபாய் பொருளாக 200 பேருக்கும் கொடுக்கலாம். எது சரி? கடைக்குத் தினமும் புது முகங்கள் வருகின்றன என்றால் முதல் வழி. அந்த 200 பேரிடமிருந்துதான் முக்கால்வாசி வியாபாரம் வருகிறது என்றால் இரண்டாவது. எண்ணிக்கை நிறையக் காட்டவேண்டும் என்பதற்காக மட்டும் மலிவான பொருளுக்குப் போனால், எழுதாத பேனா தினமும் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டுப் பார்க்க நாலு கேள்விகள்:

லோகோவை எடுத்துவிட்டால் இந்தப் பொருளை அவர் காசு கொடுத்து வாங்குவாரா? இல்லை என்றால், லோகோவோடு சும்மா கொடுத்தாலும் வைத்துக்கொள்ள மாட்டார்.

எங்கே இருக்கும்? காலண்டர் சுவரில், சாவிக்கொத்து பாக்கெட்டில், குடை பையில். நம் பெயர் அவருக்குத் தேவைப்படும் நேரத்தில் கண்ணில் படும் இடமா? பிளம்பரின் நம்பர் இருக்கவேண்டியது டைரியில் அல்ல. மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டும் ஸ்டிக்கரில்.

நம் தொழிலுக்குப் பொருத்தமா? பல் மருத்துவமனை சாக்லேட் கொடுத்தால் சிரிப்பார்கள். உடையாத பொருள் செய்வதாகச் சொல்லும் கம்பெனியின் குடை முதல் மழையில் ஒடிந்தால், அந்தச் சிரிப்புகூட வராது.

யார் கையால் போகிறது? கூரியர் பெட்டியைவிடப் பெயர் சொல்லிக் கொடுக்கும் கைக்கு மதிப்பு அதிகம். ஊழியருக்கான வெல்கம் கிட்டிலும் இதுதான். அளவு கேட்காமல் எல்லோருக்கும் எக்ஸ்எல் சைஸ் டி-ஷர்ட் கொடுத்துவிட்டு, 'நீங்க எங்க குடும்பம்' என்று அட்டையில் எழுதினால் எப்படி நம்புவார்? பாட்டில் ஏற்கெனவே வீட்டில் மூன்று இருக்கிறதா என்று சேரும் முன்பே ஒரு ஃபார்மில் கேட்டுவிடலாம். அதற்குச் செலவே இல்லை.

ஒன்றை மட்டும் பரிசால் செய்ய முடியாது. எடை குறைவாகப் போடும் கடையையும், சம்பளத்தை இழுத்தடிக்கும் கம்பெனியையும் எந்தக் காலண்டரும் காப்பாற்றாது. அங்கே தினமும் கண்ணில் படும் பெயர், தினமும் கோபத்தைத்தான் கிளறும். நல்ல அனுபவம் முதலில் இருந்தால், பரிசு அதை நினைவில் வைத்திருக்க உதவும்.

மளிகைக் கடைக் காலண்டருக்குத் திரும்புவோம். டிசம்பர் 31-ல் கடைசித் தாளும் கிழிந்துவிடும். பாதி வீடுகளில் அட்டையைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு கிளிப் மாட்டினால் அது பரீட்சை அட்டை. மார்ச்சில் பத்தாம் வகுப்பு எழுதப் போகும் பிள்ளையின் கையில், சாமி படத்துக்குக் கீழே கடையின் பெயரும் போன் நம்பரும் பரீட்சை ஹால் வரைக்கும் போகும். அந்த மூன்று மாதத்துக்குக் கடைக்காரர் தனியாகக் காசு கொடுக்கவில்லை.